செங்கமலம் வெட்டிய டியூப்

முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. வெயில் ஏறுவதற்குள் எட்டுக் கூடை தகட்டுக் கழிவை வாரிக் கொட்டியிருந்தான் முனிரத்தினம். இடது கையால் அள்ளி, இடுப்பில் அணைத்து, கொட்டகைக்கு வெளியே குவிக்க வேண்டும். தகட்டின் விளிம்பு சீவிவிடும்; சீவிய இடத்தில் எண்ணெய் பட்டால் எரியும். வலது கை கட்டுக்குள் கிடந்தது. நடுவிரல்கள் மூன்றும் போய்விட்டன. பாதிக் கூலிக்கு இந்த வேலை. இதற்கு 'லைட் வொர்க்' என்று பேர் வைத்திருந்தார்கள் அந்தப் புண்ணியவான்கள்.

படப்பையைத் தாண்டி ஒரகடம் சாலையில் இருந்தது அந்தக் கம்பெனி. அங்கே தகடு வெட்டும் பவர் பிரஸ் ஒவ்வொன்றிலும் கைக்கு ஒன்றாக இரண்டு பொத்தான். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும், கைகள் தப்பிக்கும். அப்படி ஒழுங்காக ஓட்டினால் ஷிப்டுக்கு முதலாளி கேட்கும் கவுண்டில், அதாவது பீஸ் கணக்கில், பாதிகூடத் தேறாது. அதனால் எல்லோரும் ஒரு பொத்தானை அமுக்கிக் கட்டிவிட்டு, ஒரு கையால் தகடு வைத்து, மறு கையால் ஓட்டுவார்கள். கட்டுவதற்குச் சணல் கொடுப்பவரே சூப்பர்வைசர் கோபால்தான்.

சணல் எண்ணெயில் வழுக்கி அவிழும். மறுபடி கட்டுவதற்குள் கவுண்ட் குறையும். கோபால் அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டுவார். ஒருநாள் வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த முனிரத்தினத்திடம் மனைவி செங்கமலம் காரணம் கேட்டாள். மறுநாள் செங்கல் சூளையிலிருந்து திரும்பும்போது சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி வந்து, பட்டையாக வெட்டி, முனையில் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். "இனிமே உன்னை எவன் திட்றான்னு பாக்குறேன்" என்றாள். அருமையாக வெட்டிய டியூப். ஒருமுறைகூட நழுவவில்லை. வலது கை உள்ளே இருக்கும்போது இடது கை பழக்கத்தில் பொத்தானை அழுத்தியதே, அப்போதும் நழுவவில்லை.

"நான்தானே வெட்டிக் குடுத்தேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட வந்த கோபால் அதைக் கேட்டுக்கொண்டார். இருபத்திரண்டு நாளாக அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனாலும் நாலு மணிக்கு எழுந்து சூளைக்கு ஓடுமுன், அவன் ஒற்றைக் கையால் போட வசதியாகச் சட்டைகளில் டிச் பட்டன் தைத்து வைத்திருந்தாள். சோற்றைப் பிசைந்து வாயளவு உருட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் துவையல் வைத்து டப்பாவில் அடுக்கினாள். நாலு பேர் நடுவில் இடது கையால் தடவிக்கொண்டு அவன் கூசக்கூடாதாம். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் டியூப் பேச்சு வந்துவிடுமோ என்று பயம்.

பத்து மணிக்கு முதலாளி வெங்கடேசன் கூப்பிட்டார். மேஜைமேல் தட்டச்சடித்த ஒரு தாள், பக்கத்தில் மைப்பெட்டி.

"பாக்டரி இன்ஸ்பெக்டர் நாளைக்கு வராரு. இடது கட்டைவிரலை வெச்சுட்டுப் போ."

"இன்னா எழுதிக்கீது சார்?"

"கம்பெனிக்குத் தெரியாம வீட்லேருந்து டியூப் கொண்டாந்து நீயே கட்டினேன்னு. உன் பொண்டாட்டி வெட்டினதுதானே?"

"கவுண்ட் கேட்டது நீங்கதானே சார்?"

"கவுண்ட் கேட்டேன். கையை உள்ள வெக்கச் சொன்னேனா? இதுல கைநாட்டு வெச்சா கூடை தூக்குற வேலையாவது நிலைக்கும். இல்லன்னா நாளைக்கு கேட்டாண்ட வராதே. போ, சாப்டுட்டு வந்து வெய்யி."

சாப்பிட விட்டாரே, பெரிய மனசுதான்.

வைத்துவிடுவது என்றே நினைத்திருந்தான். இந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கம்பெனிப் படியேற? டப்பாவைத் திறந்தான். ஓர் உருண்டையை எடுத்தவன் அதைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தான்.

"இன்னா தம்பி?" என்றாள் பக்கத்திலிருந்த பேக்கிங் ராஜம்மா. சொன்னான்.

"என்னை ஒருத்தன் திட்டக்கூடாதுன்னுதான்க்கா வெட்டுனா. இந்தச் சோத்தை உருட்டுனதும் அதே கைதான். அவ எனக்குப் பண்ண நல்லதைக் குத்தம்னு எழுதிக்கீறான். அதும்மேல நான் விரல் வெக்கணுமாம்." வெட்கத்தை விட்டு அழுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த பிரஸ்காரன் மோகன் கையை உதறிவிட்டு எழுந்தான். "என் மெஷின்ல கீறதும் வூட்ல வெட்டுனதுதான். உன்னுதைப் பாத்துத்தான் என் வூட்டுக்காரி வெட்டுனா." போய் அதைப் பிடுங்கி எறிந்தான். மற்றவர்களும் எழுந்து போய்த் தங்கள் மெஷினில் இருந்த கட்டை அவிழ்த்தார்கள். யாரும் பிரசங்கம் செய்யவில்லை. மணி அடித்ததும் எல்லோரும் இரண்டு கையாலும் ஓட்டினார்கள். அந்தக் கொட்டகையில் இரைச்சல் தணிந்து ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டது அன்றுதான்.

வெங்கடேசன் ஓடி வந்தார். "இன்னாடா, மாட்டு வண்டியா ஓட்டுறீங்க?"

"ரெண்டு கையும் வெளிய கீது சார். மெஷின்லயே அப்படித்தான் எழுதி ஒட்டிக்கீது" என்றான் மோகன்.

"அவனுக்காகவா? நாளைக்கு ஒருத்தனும் உள்ள வர முடியாது!"

"அப்ப இன்ஸ்பெக்டர் வர்றப்ப நாங்க எல்லாரும் கேட்டாண்டதான் இருப்போம்" என்றாள் ராஜம்மா. "சணல் யாரு குடுத்தான்னு கேட்டா சொல்லணும்ல?"

தாள் மேஜையிலேயே கிடந்தது. முனிரத்தினம் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தபோது கேட்டில் செங்கமலம் நின்றிருந்தாள். கட்டு மாற்றும் நாள் என்று அரைநாள் வேலையை விட்டு, செம்மண் அப்பிய சேலையோடு ஓடி வந்திருந்தாள். கூட்டமாக வந்தவர்களைப் பார்த்து மிரண்டாள். முனிரத்தினம் நடந்ததைச் சொன்னான்.

"உன் டியூப்பால போவல செங்கமலம். அவன் கேட்ட கவுண்டால போச்சு. நீ மட்டும் இல்லன்னா இந்த இருபத்திரண்டு நாள்ல நான் ஏரில வுழுந்திருப்பேன். இதைச் சொல்லக்கூடத் துப்பில்லாம இருந்துட்டேன்."

அவள் ரோட்டோரம் என்றும் பார்க்காமல் அழுது தீர்த்தாள். நாளைக்குக் கேட் திறக்குமா, மறுநாள் அடுப்பு எரியுமா, யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவரும் கலைந்து போகவில்லை.

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராஜம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"காலைல எத்தினி மணிக்கு வரணும்க்கா? நான்தான் வெட்டுனேன்னு நானே வந்து சொல்றேன். எதுக்கு வெட்டுனேன்னும் சொல்றேன்."