முன்னறையில் பொன்முடி

ஆரியசாலைக் கடைத்தெருவில் மல்லி, மிளகாய் மொத்தக் கடை வைத்திருக்கும் திரவியம், ஒன்றரை வருஷமாகப் பெண்டாட்டியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் கடைக்குப் போய் வருகிறார். நெஞ்சில் அடைப்பு வந்து ரெண்டு ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து ரத்னாபாய் அவரைத் தனியாக எங்கும் விடுவதில்லை. முடி வெட்டப் போனால்கூட பெஞ்சில் காவல் இருப்பாள். மூட்டை இறக்குகிறவர்கள் "முதலாளி வந்நு" என்று மலையாளத்தில் சொல்லி வழிவிடும்போது, அந்த மரியாதை ஓட்டுகிறவளுக்கா உட்கார்ந்திருக்கிறவருக்கா என்று அவருக்குப் புரிந்ததே இல்லை. தெருவுக்குப் புரிந்திருந்தது.

ஒருநாள் ரோஷம் வந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, பொன்முடி மலையவே சைக்கிள்ல ஏறிக் காட்டுவேன்" என்றார்.

"ஏறுங்க. முன்னறையில ஏறுங்க," என்றாள் ரத்னாபாய். "டாக்டர் சொன்ன நூத்தியிருபதுக்கு மேல துடிப்பு போகாம உச்சிக்குப் போயிட்டா, கடைக்குத் தனியா சைக்கிள்ல போங்க."

அப்படித்தான் முன்னறைக்குப் பொன்முடி வந்தது. கிணற்றடியில் சாத்திக் கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்து, பின்சக்கரத்தை ஒரு இரும்பு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினார். எதிரே வீட்டுக் கம்ப்யூட்டர். திரையில், மிதிக்க மிதிக்க நகரும் வித்துரா தாண்டிய மலைப்பாதை, தேயிலை, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள்; ஏற்றம் வந்தால் பெடலும் கனக்கும். மூலையில், அவர் நெஞ்சில் கட்டிய பட்டை அனுப்பும் துடிப்பு எண்.

"ஒரு மாசமா மிதிக்காரு, இன்னும் வாசப்படி தாண்டலியே," என்றாள் எதிர்வீட்டு மாடம்மாள். அவர் காதில் விழட்டும் என்று தன் ஜன்னலை மூடவும் இல்லை.

திரவியத்தின் குறை வேறு. கம்ப்யூட்டருக்கு வயசு பதினாலு. ஏற்றம் செங்குத்தாகும் இடமெல்லாம் படம் உறைந்து நின்றுவிடும்; அவர் மிதித்துக்கொண்டே இருப்பார், தேயிலைச் செடி நகராது. துடிப்பு மட்டும் அழகாக நூற்றுப் பன்னிரண்டு. ரத்னாபாய் எட்டிப் பார்த்து, காலண்டரில் குறித்துவிட்டுப் போவாள். கடைசி மூன்று வளைவுகள் பாக்கி இருக்கையில், உறைந்த படத்தில் உச்சியைத் தொட மனசில்லாமல், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை லிபினைக் கூப்பிட்டார்.

லிபின் பெட்டியைத் திறந்தான். "அண்ணாச்சி, உள்ள பல்லி முட்டை போட்டிருக்கு. பின்னே எப்படி ஓடும்?"

"ஓடத்தான் செய்யுது. மேட்டுல மூச்சு வாங்குது."

"ஆருக்கு? இதுக்கா, அண்ணாச்சிக்கா?"

சிரித்துக்கொண்டே பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேகமாக ஓடும் எஸ்.எஸ்.டி. போட்டான். மெமரியையும் கூட்டினான்.

மறுநாள் காலை படம் தண்ணீராக ஓடியது. இருபதாவது வளைவில் எண்ணும் ஓடியது: நூற்று இருபத்தாறு, முப்பத்தொன்று, முப்பத்தெட்டு. பட்டையைத் துடைத்துக் கட்டிப் பார்த்தார். அதேதான். படம் உறைந்தபோதெல்லாம் எண்ணும் கூடவே உறைந்திருக்கிறது. சமதளத்தில் வந்த துடிப்பைத்தான் ஒரு மாசமாக மேட்டில் காட்டியிருக்கிறது.

ரத்னாபாய் குளித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் எண் இறங்கிவிடும், இறங்கியதைக் காட்டலாம். ஆனால் தராசில் விரல் வைத்தவனைக் கடையைவிட்டு அனுப்பியவர் அவர். சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை?" தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"இப்ப நூத்தியஞ்சு. மேட்டுல நூத்தி முப்பத்தெட்டு. காலண்டர்ல உள்ளது ஒண்ணும் சரியில்ல. மிஷின் நின்னப்ப நம்பரும் நின்னிருக்கு. நான் கவனிக்கல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "வலிச்சுதா?"

"இல்ல. மூச்சு இறைச்சுது. கொஞ்சம் பயமாவும் இருந்துது."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அடைப்பு வந்தப்ப மூணு நாள் வாயுன்னு சொன்னிய. பூண்டு வறுத்துக் கேட்டிய. நானும் வறுத்துத் தந்தேன்," என்றாள்.

"ஆமா."

"நானும் வறுத்துத் தந்தேனே."

அந்தப் பூண்டைத்தான் அவள் ஒன்றரை வருஷமாக ஸ்கூட்டரில் ஏற்றி இறக்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெருவுக்குக்கூட இது தெரியாது.

"மலை வேண்டாம்," என்றாள். "முப்பத்தெட்ட டாக்டர்ட்ட சொல்லணும். கடைக்குப் போற வழியில மேடு உண்டா?"

"குழிதான் உண்டு."

"அவரு செரின்னா தனியா போங்க. என்னமாவது தோணுனா உடனே இறங்கி போன்ல எனக்கு விளிக்கணும். வாயுன்னு சொன்னியளோ, சைக்கிள் பழைய இரும்புக்காரனுக்கு."

டாக்டர் மருந்தை மாற்றி, சமதளத்தில் மெதுவாக ஓட்டலாம் என்றார். அடுத்த திங்கட்கிழமை திரவியம் சைக்கிளை ரோட்டில் இறக்கினார். மாடம்மாள் இல்லாத வேலையைச் சாக்காக வைத்து வாசலுக்கு வந்து நின்றாள். பாதி வழியில், லாரி வரிசைக்குப் பக்கத்தில், மூச்சு முட்டியது. இறங்கி போனை எடுத்தார்.

"இறைக்குது. நிக்கேன்."

"வரணுமா?"

அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். "வலி இல்ல. ரெண்டு நிமிஷம் நின்னா மாறும்னு தோணுது."

"நில்லுங்க."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் மூன்று விசில் அடித்தது. "மாறிட்டு, போறேன்," என்று சொல்லிவிட்டு அவர் பெடலில் கால் வைத்தார்.