மூன்று பேருக்கு அறை

உலை அணைய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுத் தகனக்கூடத்துப் பணியாள் கதவைச் சாத்தியபோது, இறந்தவரின் கைபேசி மிசாவோவின் கைப்பைக்குள் அதிர்ந்தது. காத்திருப்பு அறையில் அவளும் நாத்தனார் தொகியேவும் மட்டும்தான்.

"எடுக்காத அண்ணி. ஏதாச்சும் விளம்பரமா இருக்கும்," என்றாள் தொகியே, தேநீர் ஊற்றியபடியே.

மிசாவோ எடுத்தாள்.

"ஐயா இருக்காங்களா? குரிகோமா மலையிலேருந்து விடுதிக்காரி பேசறேன். நாளைக்கு வர்றீங்கல்ல, அதான். மேல்சரிவுல இலையெல்லாம் நல்லா செவந்திருச்சு. எப்பவும் போல மூணு பேருக்குத்தானே?"

"நான் அவர் சம்சாரம். எப்பவும் போலன்னா?"

மறுமுனை தயங்கியது. "வருஷா வருஷம் மூணு பேருன்னுதாம்மா சொல்லுவாரு. தனியாத்தான் வருவாரு. மூணு சாப்பாடும் வெச்சிருவோம். நாங்க ஒண்ணும் கேட்டதில்ல. இந்தத் தடவ நீங்களும் வர்றீங்கன்னு ரெண்டு வாட்டி போன் பண்ணிச் சொன்னாரு."

ஒவ்வோர் அக்டோபரிலும் கணவர் ஷிகெஹரு இரண்டு நாள் பள்ளித் தோழர்களைப் பார்க்கப் போவார். மிசாவோவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். கிளம்பும் முன், "இந்த வருஷமாவது சேந்து மலைக்குப் போலாமா?" என்று ஒரு தடவை கேட்பார். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பாள். இருபத்தேழு வருடம் அப்படியே போயிற்று.

அந்த மலையில்தான் மகன் ஹயாதோ தொலைந்துபோனான். ஆறு வயது. சிவந்த இலைகள் பார்க்கப் போன இடத்தில் மூடுபனி இறங்கியது. பதினொரு நாள் தேடினார்கள். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. "கையை விட்டது நான்தான்," என்று போலீஸிடம் சொன்னவர் ஷிகெஹரு. மிசாவோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

நடந்தது வேறு. அவர் கேமராவில் பிலிம் மாற்றிக்கொண்டிருந்தார். பையன் இவளிடம் வந்து, "முன்னாடி போகட்டுமா அம்மா?" என்றான். புது ஷூ கடித்த எரிச்சலில், "போ" என்றாள். அந்தக் கேள்வி பிறகு வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. குழாயைத் திறந்தால் கேட்கும். அரிசி கொதிக்கும்போது கேட்கும். அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள்.

இந்த வருடம் அவளாகவே, "போலாம்" என்றாள். அந்த இடத்தில் வைத்து அவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஷிகெஹருவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தச் சரிவு முதலில் சிவக்கும், எந்தப் பேருந்தில் கூட்டம் இருக்காது, முழங்கால் வலித்தால் எங்கே உட்காரலாம் என்று எழுதி எழுதி அழித்தார். செவ்வாய்க்கிழமை காலை வரைபடத்தின் மேல் தலை சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, தேநீரை மூடி வைத்துவிட்டு அவள் துணி காயப்போடப் போனாள்.

"அறை இருக்கட்டும்," என்றாள் மிசாவோ கைபேசியில். "வர்றோம்."

தொகியே கோப்பையை வைத்தாள். "உனக்கென்ன கிறுக்கா? அண்ணன் உடம்பு இன்னும் வெந்து முடியல. அதுக்குள்ள மலையா?"

"நீ வண்டி எடுக்கறியா, நான் பஸ்ல போகட்டுமா?"

உள்ளே கூப்பிட்டார்கள். ஒரே எலும்பை இருவரும் ஆளுக்கொரு பக்கம் நீண்ட குச்சிகளால் பிடித்துத் தூக்கிக் கலசத்தில் வைத்தார்கள். பாதத்தில் தொடங்கி மேலே வந்தார்கள். கடைசியில் தொண்டை எலும்பு. மகனுக்கு மிசாவோ இதைச் செய்ததில்லை.

மறுநாள் மதியம் தொகியேவின் வண்டியில் கலசத்தை மடியில் வைத்து அதன்மேல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். மலையேறத் தொடங்கியதும் மூடுபனி வந்துவிட்டது. சிவப்பாக ஏதோ கண்ணாடியருகே வரும். மரம் என்று தெரிவதற்குள் போய்விடும்.

"தொகியே. அன்னிக்கு ஹயாதோவைப் போகச் சொன்னது நான்தான்."

கண்ணாடித் துடைப்பான் நாலைந்து தடவை போய் வந்தது.

"தெரியும்," என்றாள் தொகியே.

மிசாவோ திரும்பினாள்.

"அண்ணன் பின்னாடியேதான் நின்னிருக்காரு. அவன் கேட்டதும் கேட்டுச்சாம், நீ சொன்னதும் கேட்டுச்சாம். பேரனைத் தொலைச்ச பாவின்னு அம்மா அவர வீட்டுக்குள்ள விடாதப்ப எங்கிட்ட சொன்னாரு. அவளுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டாள்னாரு. இத்தன வருஷம் நான் எதுக்கு உங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேன்னு நெனச்ச?"

மிசாவோவின் கைகள் கலசத்தைச் சுற்றி இறுகின.

"வண்டிய நிறுத்தட்டுமா அண்ணி?"

"வேணாம்."

விடுதி அறையில் மூன்று பேருக்குத் தட்டுகள் வைத்திருந்தார்கள். ஒன்று சின்னது. தொகியே ஒரு பார்வை பார்த்தாள். "நான் குளிக்கப் போறேன். லேட்டாகும்," என்று துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மிசாவோ கலசத்தை, தரையில் உட்காரப் போட்டிருந்த ஒரு மெத்தையின் மேல் வைத்தாள். சன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. மாலை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. விடுதிக்காரி மண்டியிட்டு, சின்னக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள்.

"காளான் சோறு. இந்த வருஷம் காளான் நல்லா வந்திருக்கு."

"இவன் காளான் தொடமாட்டான்."

"ஐயா சொல்லவேயில்லயேம்மா."

"அவருக்குத் தெரியாது."

"மாத்திக் கொண்டாரட்டுமா?"

"வேணாம். நான் எடுத்துடறேன்."

விடுதிக்காரி கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள். மிசாவோ சின்னக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள். சோற்றைக் கிளறாமல், காளான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தட்டின் ஓரத்தில் வைக்கத் தொடங்கினாள்.