பன்னிரண்டாவது ஆள்

அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று, தற்காப்பு அணியின் பயிற்சியாளர் லோவல் ஹாஸ்கெட் ஆட்காட்டி விரலால் காற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு வந்தது. மீண்டும் எண்ணினார். பந்து அசைவதற்குள் கைகளைக் குறுக்கே காட்டி டைம் அவுட் கேட்டார்.

பக்கத்தில் நின்ற உதவிப் பயிற்சியாளன் டெரல் தானும் எண்ணிப் பார்த்தான். "பதினொண்ணுதான் கோச். வீட்ல சொல்லிக் கண்ணாடிய மாத்துங்க."

லோவல் பயிற்சியாளராகி நாற்பத்தொரு வருடம், ஒன்பது கல்லூரிகள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்து நகருமுன் தம் தற்காப்பு அணியை எண்ணாமல் அவர் விட்டதில்லை. அவர் பயிற்றுவித்த அணி ஒரு தடவைகூட, பதினோரு பேருக்கு மேல் நின்றதாகத் தண்டனை வாங்கியதில்லை. ஹாஸ்கெட் வீட்டுக்கு அது போதுமான பெருமை. ஒஹாயோ ஆற்றங்கரையில் இருந்த இந்தச் சிறு கல்லூரியில்தான் அவருடைய தகப்பனார் எம்மெட் இருபத்தாறு வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். மைதானத்துக்கே அவர் பெயர்தான். லோவலுக்கு இது கடைசி ஆட்டம். முடிந்தவுடன் வாசல் தூணில் தகப்பன் பெயருக்குக் கீழே மகன் பெயர் பொறித்த பித்தளைப் பலகையைத் திறக்கப் போகிறார்கள். எண்ணிக்கை தவறாத வீடு எங்களுடையது என்று முடியும் உரை அவர் சட்டைப் பையில் இருந்தது.

கடைசிக் கால் பகுதியில் மறுபடியும் பன்னிரண்டு. இம்முறை கூடுதல் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இடப்பக்கம் சற்றுத் தள்ளி நின்றிருந்தான். மழையே இல்லாத அந்த நவம்பர் மாலையில் முழங்கால்வரை சேறு. முகத்துக்குக் குறுக்கே ஒற்றைக் கம்பி வைத்த பழைய ஹெல்மெட். முதுகில் ஐம்பத்து நான்கு. அந்த எண்ணை இந்தக் கல்லூரியில் நாற்பத்தெட்டு வருடமாக எவருக்கும் கொடுத்ததில்லை. லோவல் இரண்டாவது டைம் அவுட்டையும் கேட்டார். காதுக் கருவியில் தலைமைப் பயிற்சியாளன் பிரைஸ் பல்லைக் கடித்தான். "இன்னும் ஒண்ணுதான் மிச்சம். அதுல கை வெச்சிராதீங்க, லோவல்." கொஞ்ச நேரத்தில் அந்த ஒன்றையும் அவனே செலவழித்தான்.

ஐம்பத்து நான்கு அவருடைய தம்பி வெர்னின் எண்.

நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், அன்றைக்கும் நவம்பர்தான், ஆனால் நல்ல மழை. முழங்கால் உடைந்து ஆட முடியாத லோவல், தகப்பனார் அருகே நின்று மாற்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். கடைசி நேரத்தில் எண்ணியபோது பத்துப் பேர்தான் தெரிந்தார்கள். வெர்னின் சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினான். வெர்ன் காலை ஊன்றிக்கொண்டு, "பதினொண்ணு இருக்குண்ணா" என்றான்.

"எனக்கு எண்ணத் தெரியும். போடா."

எதிரணி உதைத்த பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே போகாமல் விலகித்தான் போனது. ஆனால் பன்னிரண்டு பேர் நின்றதால் செல்லாது என்று, இன்னும் கிட்டே வைத்து மறுபடி உதைக்கச் சொன்னார்கள். அது தப்பவில்லை. கோப்பை போயிற்று. மறுநாள் பத்திரிகைக்காரனிடம் எம்மெட், தம் இளைய மகனுக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னார். ஒரு கை தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர் அவர். மூத்தவன் பயிற்சியாளனாக வேண்டியவன், அவன் பெயரில் கறை படக்கூடாது. சாப்பாட்டு மேசையில் அந்தப் பத்திரிகை கிடந்தது. வெர்ன் அண்ணனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். லோவல் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தான். ஜனவரியில் வெர்ன் நிலக்கரிப் படகு வேலைக்குப் போனான். ஒரு விடியற்காலையில் படகில் அவன் இல்லை. ஆறு அவனைத் திருப்பித் தரவே இல்லை.

இப்போது பன்னிரண்டு வினாடி மிச்சம். எதிரணிக்கு மூன்று கெஜம் போதும், ஆட்டம் அவர்களுடையது. லோவல் நெற்றியையும் தோளையும் தொட்டுச் சைகை காட்டினார். பதினோரு பேரும் அதை வாங்கிக்கொண்டு பந்தின் பக்கம் திரும்பினார்கள். சேற்றுக் காலோடு நின்றவன் மட்டும் திரும்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு, கோச்" என்றான் டெரல், கேட்காமலே. குரலில் கேலி இல்லை. லோவலின் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சற்று விலகி நின்றான்.

நிறுத்துவதற்கு டைம் அவுட் இல்லை. ஓர் ஆளை வெளியே அழைக்கலாம். டெரல் சொல்வது சரியென்றால் பத்துப் பேரோடு தோற்கவேண்டும். தாம் எண்ணியது சரியென்றால், இந்த மைதானத்தில் மறுபடியும் ஒரு ஹாஸ்கெட்டுக்குத் தண்டனை. லோவல் வாயருகே இருந்த ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். அணியின் ஏழு பயிற்சியாளர்கள் காதிலும் அது விழும் என்று அவருக்குத் தெரியும்.

"அன்னைக்கு எண்ணத் தெரியாமப் போனது எனக்கு. வெர்ன் சரியாத்தான் எண்ணினான். நான்தான் அவனை உள்ள தள்ளினேன். அப்பாவுக்கும் தெரியும்."

சேற்றுக்காரன் ஒருமுறை தலையசைத்தான், சைகையை வாங்கிக்கொண்டவன்போல. பிறகு திரும்பி, குனிந்து, தரையில் கை ஊன்றினான்.

எதிர்க்கோட்டில் நின்ற நடுவர் வழக்கப்படி எண்ணி முடித்தார். பதினொன்று சரி என்றால் கையை முஷ்டியாக மடக்கி நீட்டவேண்டும். அவர் கை பாதிவரை உயர்ந்து நின்றது. பிறகு விரலை நீட்டி, முதல் ஆளிலிருந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.