மூக்கில் உடைந்த சோடா

உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் பிரன்ஸ்விக் கப்பல் தளத்தில் ஒரு சரக்குக் கப்பலின் மூக்குத் தகடுகளைப் பற்றவைத்தவள் ஐடெல்லா. "உன் பத்தவைப்பு சூயிங்கம் மாதிரி. தண்ணி பட்டா பிரிஞ்சுடும்மா" என்று மேஸ்திரி ஹாய்ட் தினமும் சீண்டுவான். போர் அவசரம் இல்லாவிட்டால் அவளை வாசலோடு விரட்டியிருப்பான்.

கப்பலைத் தண்ணீரில் இறக்குகிற நாளில், மேடையில் ஒரு பெரிய மனிதரின் மனைவி ஷாம்பெயின் பாட்டிலோடு நின்றாள். அதை மூக்கில் உடைத்து, 'ஏமோஸ் பெட்டிஃபோர்ட்' என்று கப்பலுக்குக் குறித்திருந்த பெயரைச் சொன்ன பிறகுதான் அது நகர வேண்டும். பெயரில்லாமல் தண்ணீரைத் தொட்ட கப்பல் திரும்பி வராது என்பது தளத்தார் நம்பிக்கை. கணவரோ பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் யாரோ கைதட்ட, பேச்சு முடிந்ததென்று கீழே இருந்தவர்கள் கப்பலைப் பிடித்திருந்த கடைசித் தகட்டையும் அறுத்துவிட்டார்கள்.

கப்பல் பின்பக்கமாகச் சறுக்கியது. அம்மாள் பதறி வீசிய பாட்டில் காற்றைத்தான் அடித்தது.

தண்ணீரோரம் சாப்பாட்டு டப்பாவோடு நின்ற ஐடெல்லாவை மூக்கு கடைசியாகக் கடந்தது. அவள் குடிக்காத சோடா பாட்டிலை ஓங்கி எறிந்தாள்.

"உன் பேரு ஏமோஸ் பெட்டிஃபோர்ட். போய்ட்டு பத்திரமா வா."

அவள் பற்றவைத்த கோட்டின் மேலேயே பாட்டில் சிதறி நுரைத்தது. கப்பல் தண்ணீரில் நிமிர்ந்து மிதந்தது, தளமே ஆர்ப்பரித்தது.

உடையாத ஷாம்பெயினை அன்று மாலை பற்றவைக்கும் பெண்கள் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். ஹாய்ட் தயங்கித் தயங்கி வந்தான்.

"அடுத்த கப்பலுக்கும் மூக்கு உனக்குத்தான். சோடாவும் கொண்டாந்துடு."