தையல்நாயகி படகேறிய நாள்

அது 2007ஆம் வருஷமா, அதற்கு அடுத்ததா என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு. பாரீசில் இரும்புக் கோபுரத்தை முதலில் பார்த்தார்களா, மாதா கோயிலையா என்பதும் சொல்பவரைப் பொறுத்து மாறுகிறது. நானாக ஏதாவது சேர்த்துக்கொண்டேனா என்று கேட்டால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. படகுத்துறையில் நடந்தது மட்டும் யார் சொன்னாலும் ஒன்றாகவே இருக்கிறது.

காரைக்கால் கடலோரக் கிராமமான மண்டபத்தூரின் தையல்நாயகி, பாரீசில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. ஐம்பத்துமூன்று வயது. காரைக்காலிலும் தருமபுரத்திலும் தெருத்தெருவாகக் கூடை சுமந்து மீன் விற்று வந்தவள். மகன் செம்பியன் அங்கே ரயில் பணிமனையில் மெக்கானிக். பேத்தி பிறந்து எட்டு மாதம். அவளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். கணவர் தங்கப்பன் வரவில்லை. "கடல்ல போறதுன்னா எனக்குத் தெரியும். கடலுக்கு மேல பறக்குறதெல்லாம் நீயே போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு வலை பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகச் சம்பந்தி பஞ்சநாதனும் கூட வந்தார். மருமகள் நந்தினியின் அப்பா. காரைக்கால் டவுனில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். அவர் மனைவி முழங்கால் வலி என்று குழந்தையோடு வீட்டில் இருந்துகொண்டார்.

நந்தினி விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். அப்போது ஊருக்கு வந்திருந்த பஞ்சநாதன், "மீன்கூடைக்காரி வீட்டுச் சம்பந்தமா" என்று யாரிடமோ சொன்னது அன்று சாயங்காலமே மீன் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. தையல்நாயகி அதை மகனிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் மண்டபத்தூர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. இன்றுதான் முதல் முறையாக ஒரு நாள் முழுக்க அவரோடு. தன்னால் செம்பியனுக்கு அவர் முன்னால் ஒரு தலைக்குனிவு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. காலையிலேயே முடிவு செய்திருந்தாள்: மீனைப் பற்றி வாய் திறப்பதில்லை, யாராவது கேட்டால் மட்டும் பேசுவது.

அப்படியே இருந்தாள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். அதன் உயரம், எடை, ஆணிக் கணக்கு எல்லாவற்றையும் பஞ்சநாதன் தானே நின்று கட்டியதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார்.

"உங்க மண்டபத்தூர்ல இதெல்லாம் பாக்க முடியுமா, சம்பந்தியம்மா?"

"எங்கேருந்துங்க, அண்ணே" என்றாள்.

டவுனில் மட்டும் இருக்கிறதா என்று நாக்கு நுனி வரை வந்தது. டவுனுக்கும் மண்டபத்தூருக்கும் நடுவில் மினிபஸ்ஸில் ஒரு தூக்கம் போடக்கூட நேரமிருக்காது. செம்பியன் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மத்தியானம் சேன் நதியில் படகுச் சவாரி. நந்தினி முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருந்தாள். கண்ணாடிக் கூரை போட்ட நீளமான படகு. கரையிலிருந்து அதற்கு ஓர் இரும்புப் பலகை.

"பயப்படாதீங்க, சம்பந்தியம்மா. கவுந்துடாது" என்றார் பஞ்சநாதன்.

"யாருகிட்ட சொல்றீங்க, மாமா?" என்று செம்பியன் சிரித்தான்.

உண்மையில் அவள் அதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை. அவர்கள் ஊரில் பெண்கள் ஏறுவதில்லை. அப்பன், அண்ணன், புருஷன் எல்லாரையும் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவள். ஆனால் படகில் எப்படி ஏற வேண்டும் என்பது பிறந்ததிலிருந்து பார்த்தது. மணலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, விளிம்பைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் எவனும் கால் வைப்பான். குடித்துவிட்டு வருகிறவன்கூட.

பலகைக்கு முன்னால் அவள் நின்றாள். குனிந்து, நந்தினி வாங்கிக் கொடுத்த, காலுறை இல்லாமல் மாட்டியிருந்த பூட்ஸின் கயிற்றை இழுத்தாள். அது அவிழாமல் இறுகிக்கொண்டது. பின்னால் வரிசை நின்றுபோனது.

"அத்தை, கழட்ட வேணாம். குளிரு" என்றாள் நந்தினி.

"போட்டுல செருப்புக் காலோடவா ஏறுறது?"

"இது டூரிஸ்ட் போட்டுங்க. கோயில் இல்ல" என்றார் பஞ்சநாதன். "பின்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்க பாருங்க."

டிக்கெட் பார்க்கிற ஆள் பிரெஞ்சில் ஏதோ கேட்டான். பஞ்சநாதன் அவனுக்குப் பதில் சொல்லாமல் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டார், தெரியாதவர்களோடு நிற்பதுபோல. தையல்நாயகிக்குக் காது சூடேறியது. காலையிலிருந்து கட்டிக் காத்ததெல்லாம் இந்தப் பலகை முன்னால் போய்விட்டது. மகனை நிமிர்ந்து பார்த்தாள். போட்டுக்கிட்டே வாம்மா என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போட்டுக்கொண்டே ஏறிவிடுவாள். அதற்குப் பிறகு அவனிடம் அதைப் பற்றி ஒருநாளும் பேச மாட்டாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

செம்பியன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் நின்றதாக அவளுக்குப் பட்டது.

பிறகு அவள் காலடியில் உட்கார்ந்தான். கயிற்றைத் திரும்பக் கட்டிவிடத்தான் உட்காருகிறான் என்று நினைத்தாள். அவன் முடிச்சை அவிழ்த்தான். ஒன்று, அப்புறம் மற்றது என்று கழற்றினான். பிறகு தன் பூட்ஸையும் காலுறையையும் கழற்றினான். நான்கு பூட்ஸையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, டிக்கெட் பார்ப்பவனிடம் பிரெஞ்சில் பேசினான். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற குரலில் பேசினான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தெரிந்தது: மண்டபத்தூர்.

"என்னாம்மா சொல்றான்?" என்று மருமகளைக் கேட்டாள்.

"எங்க வீட்டுல போட்டுதான் சோறு போடுது, அதுல செருப்போட ஏற மாட்டோம், எங்க ஊரு மண்டபத்தூருங்கிறாரு, அத்தை." சொல்லும்போதே நந்தினியும் ஒற்றைக் காலில் நின்று தன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் ஒதுங்கி வழி விட்டுக் கையை நீட்டினான். தையல்நாயகி அவன் கையைப் பிடிக்கவில்லை. படகின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தானாகவே ஏறினாள். இரும்பு ஐஸ் பெட்டிபோல் காலைக் கடித்தது. முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

பஞ்சநாதன் பூட்ஸ் காலோடு வந்து எதிரே உட்கார்ந்தார். இரண்டு பாலம் கடந்தன. மூன்றாவது பாலத்தின் நிழலில் அவர் தோள்பையைத் திறந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்து நீட்டினார்.

"பட்டாளத்துப் பழக்கம். கூடுதலா ஒரு ஜோடி வச்சிருப்பேன்" என்றார். கொடுத்த கை பாதியில் நின்றது. "இதப் போடலாங்களா? இதுவும் கூடாதா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, கேட்டார். ராணுவத்தில் இருந்தவர், தன்னிடம் முறை கேட்கிறார். தையல்நாயகி காலுறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"போடலாம், அண்ணே. கம்பளிதான."

"ஒங்க வீட்டுப் போட்டு எவ்ளோ நீளம் இருக்கும்?"

அதற்கப்புறம் இறங்குகிறவரை அவள்தான் பேசினாள். ஃபைபர் போட்டின் நீளம், எஞ்சின், எந்த மாதம் எந்த மீன், கெட்ட மீனைச் செவுளில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாம். இரண்டு கரையிலும் அரண்மனை அரண்மனையாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. மகன் வெறுங்காலை மடித்து வைத்துக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் பார்த்தாள்.

அடுத்த தை மாதம் பஞ்சநாதன் மண்டபத்தூர் வந்து இரண்டு நாள் தங்கினார். 2011இல் பாரீசிலேயே இறந்துபோனார். அவர் மனைவி இப்போது நந்தினியோடு இருக்கிறார். செம்பியன் அதே பணிமனையில் மேஸ்திரி ஆகிவிட்டான். பேத்தி அங்கேயே படிக்கிறாள். தங்கப்பன் கண்பார்வை குறைந்து கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். தையல்நாயகி தருமபுரத்தில் மீன் விற்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எந்தப் படகிலும் ஏறவில்லை.