நாலந்தை அம்பலத்தில் இருந்தவள்

ஹந்தானை உச்சியில் மேகம் இறங்கியதும் தளத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். காயப்போட்ட கோப்பிக் கொட்டை நனைந்தால் நிறம் கெட்டுவிடும்; கெட்டால் துரை ஸ்டோர்க் கணக்கெழுதும் என்னைத்தான் கேட்பார். நான் ஸ்டோர் வாசலில் நின்று சத்தம் போட்டேன். மரப் பலகைகளால் இழுத்துக் குவித்தார்கள், கூடைகளில் வாரினார்கள், வார முடியாததன் மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். பாலம்மா மட்டும் பலகையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்து நின்றாள். ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்காமல், "இழு, இழு" என்றேன். எல்லாம் உள்ளே வந்து சேர்ந்த பிறகு, நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி அவள் என் மேசைப் பக்கம் வந்தாள்.

"ஐயா, ஒரு காயிதம் எழுதித் தரணும்."

"யாருக்கு?"

"அதான் தெரியல."

பின்னால் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த மூக்காயி சிரித்துவிட்டாள். "யாருக்குன்னு தெரியாத காயிதமா? ஆகாசத்துக்காடி போடப் போற? வேதக்கார ஐயாகிட்டக் குடு, அவுக நேரா சாமிகிட்டயே சேத்துருவாக."

மற்றவர்களும் சிரித்தார்கள். இன்னும் ஞானஸ்நானம் பெறாத என்னை வேதக்காரன் என்று சொல்லக் கூடாது என்று நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அன்று திருத்தவில்லை. பாலம்மாவை வாசல் பக்கம் கூட்டிப் போய் விசாரித்தேன்.

அவள் இந்தத் தோட்டத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காளிமுத்து கங்காணியின் கூட்டத்தில், மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள். கூடவே தங்கை அழகம்மாவும் வந்தாள். தம்புள்ளையைத் தாண்டியதும் தங்கைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டது. அரை நாள் இரண்டு பேர் தோளில் தாங்கி வந்தார்கள். பிறகு கங்காணி, "ஒருத்திக்காக நின்னா நின்ன எடத்துலயே எல்லாரும் படுத்துருவோம்" என்று சொல்லிவிட்டார். பாதையோரத்து மருத மரத்தடியில் அவளைக் கிடத்தி, ஒரு சட்டித் தண்ணீரும் ஒரு பிடி அவலும் வைத்தார்கள். திரும்பி வந்தால் மரம் தெரிய வேண்டும் என்று பாலம்மா தன் சிவப்புச் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கிளையில் கட்டினாள். நடந்து போகையில் மூன்று முறை திரும்பிப் பார்த்ததாகச் சொன்னாள். நாலாவது முறை பார்ப்பதற்குள் பாதை வளைந்துவிட்டது.

"செத்துருந்தாச் செத்துட்டுப் போறா ஐயா. உசுரோட இருந்தா, நான் இந்தத் தோட்டத்துலதான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும். அம்புட்டுத்தான் எழுதணும்."

"அந்த ஊர் பேர் என்ன?"

"ஊரில்லீங்களே. மரந்தான்."

கடிதம் என்றால் பெயரும் ஊரும் வேண்டும். அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை. மரத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? யோசித்துச் செய்கிறேன் என்று அவளை அனுப்பினேன். அது திங்கட்கிழமை.

நான் செய்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் கண்டியில் நடந்த மாலை வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்ததும் மலையிறங்கி, சிற்றாலயத்துக்குப் பின்னால் இருந்த அறையில் பதினோரு பேர் கூடுவோம். முதலில் இங்கிலீசு எழுத்து, பிறகு கணிதம், கடைசியில் வேத வாசிப்பு. எங்களுக்குப் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்து எலியேசர் உபதேசியார். ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்த எங்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு கொப்பி கொடுத்து, "ஒவ்வொரு நாளும் கண்ட ஒரு காரியத்தை எழுதுங்கோ. அதிலை கர்த்தர் என்ன சொல்லுறார் எண்டு பாருங்கோ. அவர் பாதையிலை போட்டுத்தான் வைச்சிருக்கிறார், நாங்கள்தான் குனிஞ்சு எடுக்க வேணும்" என்றார்.

நான் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் காரியம், வலது பக்கம் பாடம். பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தொட்டியில் கொட்டும்போது உள்ளீடற்ற பொக்கு மிதக்கும், நல்லது அடிக்குப் போகும்: தன்னைத் தாழ்த்துகிறவனே கனமுள்ளவன். எலி கடித்த சாக்கிலிருந்து பாதை நெடுக ஒவ்வொரு கொட்டையாக விழுந்தது: சிறு பாவங்களைக் கவனி. இப்படி எழுபது பக்கம் எழுதியிருந்தேன். சில நாட்களில் பாடம் எதுவும் தோன்றாது. அப்போது, பாடம் உண்மையிலேயே அந்தக் காரியத்தில் இருக்கிறதா, நான்தான் கொண்டுபோய் வைக்கிறேனா என்று சந்தேகம் வரும். சந்தேகத்தை உபதேசியாரிடம் சொன்னதில்லை. கிறிஸ்மஸுக்குள் கொப்பியைப் பார்த்துத்தான் யாருக்கு ஞானஸ்நானம் என்று முடிவு செய்வதாக அவர் சொல்லியிருந்தார்.

பாலம்மா சொன்னதைக் கேட்டபோது எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. பாடம் தெளிவாக இருந்தது. வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன இருவரைப் பற்றிய வேத உவமை அப்படியே நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. திங்கள் சாயங்காலமே எழுதத் தொடங்கினேன். போதவில்லை. செவ்வாய் மாற்றினேன், புதன் இன்னொரு முறை. சிவப்புத் துணியை எடுத்துவிட்டேன், அது பாடத்துக்கு உதவவில்லை. அக்காள் தங்கை இருவர் பெயரையும் எடுத்துவிட்டு 'ஒரு ஸ்திரீ' என்று போட்டேன். ஊரார் வாயில் அவர்கள் விழக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். மூன்றாம் முறை எழுதும்போது அழுதேன். அழுததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைத்து எழுதினால் இந்த எழுத்தும் அந்த எழுத்தைப் போலவே ஆகிவிடும்.

வியாழக்கிழமை பாலம்மா தளத்தில் கொட்டையைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "எழுதியாச்சுங்களா ஐயா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அதை வாசித்தேன். முடிந்ததும் எலியேசர் உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்லாய் எழுதியிருக்கிறீர் தம்பி. இனி உம்மடை கொப்பியை நான் பாக்கத் தேவையில்லை" என்றார். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியேயிருந்து முஹைதீன் கூப்பிட்டான். அவன் வாப்பாவுக்கு மாத்தளைப் பாதையில் ஆறு வண்டிகள் ஓடின. இங்கிலீசு எழுத்துக்காக மட்டும் வகுப்புக்கு வருவான். வேத வாசிப்பு தொடங்கியதும் எழுந்து வெளியே போவான். ஆனால் ஜன்னலை விட்டு அப்பால் போக மாட்டான்.

"மூக்கையா, அது மருத மரமா?"

"ஆமா" என்றேன்.

"செவப்புத் துணி கட்டி இருந்ததா?"

நான் வாசித்ததில் துணி இல்லை. என் கையிலிருந்த கொப்பியை மூடினேன்.

"அந்தப் புள்ள மௌத்தாகல்லியே" என்றான் முஹைதீன். "எங்கட வண்டிக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து வழிப்போக்கர் தங்குற நாலந்தை அம்பலத்துல விட்ட. கஞ்சி குடிச்சு, இப்ப எழும்பி நடக்குது. போற வார வண்டியெல்லாம் மறிச்சு, காளிமுத்து கங்காணிட ஆள் எந்தத் தோட்டம்ண்டு கேக்குமாம். கண்டியச் சுத்தி எத்தின காளிமுத்து! ஆருக்குத் தெரியும்? ஏறு, கண்டியில கொண்டுபோய் உடுறோம்ண்டு சொன்னா ஏற மாட்டாளாம். அக்கா சொல்லி அனுப்புவா, அது வரைக்கும் இந்த எடத்த உட்டுப் போக மாட்டேன்ண்டு குந்திட்டாளாம்."

யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். முஹைதீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"திங்கக்கெழம."

"செவ்வாய்க்கெழம என் பக்கத்துலதானே இருந்த? ஒரே பெஞ்சுல. என் மைக்கூட்டுல தொட்டுத்தானே எழுதின?"

ஆமாம். அவன் மைக்கூட்டைத்தான் தொட்டேன். மரத்துக்குக் கடிதம் எழுத முடியாதுதான். ஆனால் அந்த மரத்தைத் தாண்டிப் போகிற ஆறு வண்டிகளின் சொந்தக்காரர் மகன் என் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தான். அவனிடம் வாய் திறந்து கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரமெல்லாம் என் மனசுக்குள் வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை விடியப் புறப்பட்ட வண்டியில் முஹைதீன் ஆளிடம் சொல்லி அனுப்பினான். அடுத்த புதன்கிழமை பதில் வந்தது. அம்பலத்தில் அழகம்மா இல்லை. நான் வாசித்த அதே வெள்ளிக்கிழமை காலையில், அந்தப் பக்கமாக வந்த ஒரு கூட்டத்தோடு போய்விட்டாள். இத்தனை நாளாகியும் அக்கா ஆள் அனுப்பவில்லை, இனி அவள் அனுப்ப மாட்டாள் என்று அம்பலத்துக்காரனிடம் சொன்னாளாம். கங்காணியின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. கம்பளைப் பக்கம் என்று பேசிக்கொண்டார்கள், ஹுன்னஸ்கிரிய என்றும் ஒருவன் சொன்னான் என்றான்.

எலியேசர் உபதேசியாரிடம் போய், இந்தக் கிறிஸ்மஸ் ஞானஸ்நானத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "எனக்கும் இதிலை பங்கிருக்குத் தம்பி" என்றார். "நீர் வாசிக்கேக்கை எனக்கும் பாடம்தான் கேட்டது. அந்தப் பிள்ளை இப்ப எங்கை எண்டு நானும் கேக்கேல்லை." பிறகு ஜெபிப்போமா என்று கேட்டார். முழங்காலில் நின்றோம்.

பாலம்மாவிடம் சொன்னபோது பாதியைத்தான் சொன்னேன். தங்கை பிழைத்துவிட்டாள், அம்பலத்தில் இருந்தாள், ஏதோ தோட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு, "உசுரோடயா? நெசமாவா?" என்று மூன்று நான்கு முறை கேட்டாள். சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். "ஒங்க காயிதம் போய்ச் சேந்துருச்சே ஐயா." தளத்தில் இருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். மூக்காயிகூடக் கேலி செய்யவில்லை. "மரத்துக்கே காயிதம் போட்ட மனுசன்டி" என்று வியந்தாள். நான் அங்கே நின்று அதை வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் அது என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை பெரட்டில் ஆள் எண்ணி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு அவளை நிறுத்திச் சொன்னேன். கடிதம் எழுதவில்லை. அவள் சொன்னதை வகுப்பில் வாசிக்க எழுதினேன், வாசித்தேன். முன்னாலேயே வாயைத் திறந்திருந்தால் தங்கை இப்போது இங்கே இருந்திருப்பாள். இதை எத்தனையோ விதமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். சொல்லும்போது அடுக்கு குலைந்துவிட்டது.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அம்புட்டுப் பேரு முன்னால படிச்சீகளே, அவ பேரச் சொன்னீகளா?"

"இல்ல. பேரு வேண்டாம்னு எடுத்துட்டேன். ஒங்களுக்குக் கேவலமாயிரக் கூடாதுன்னு."

"பேருல என்ன ஐயா கேவலம்? அவளப் போட்டுட்டு வந்தவ நான். அவ என்ன செஞ்சா? அவ பேரச் சொல்லியிருக்கணும்." தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு ஞாயித்துக்கெழம. கம்பளைக்கு எந்த வழியாப் போகணும்?" என்றாள்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் போவதை விட்டேன். அது சரியா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. விடியும் முன் இறங்குவோம். முஹைதீனின் வாப்பா கம்பளைக்கு அனுப்பும் அரிசி வண்டி கிடைத்தால் அதில் ஏறிக்கொள்வோம், இல்லாவிட்டால் நடை. வண்டியில் பாலம்மா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். என்னிடம் தேவைக்கு மேல் பேச மாட்டாள். கொண்டுவந்த ரொட்டியில் பாதியைப் பிட்டு, கேட்காமலே என் பக்கம் வைப்பாள். ஒவ்வொரு தோட்டத்திலும் நான் கணக்கப்பிள்ளையிடம் போய்ப் பேரேட்டைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவேன். புதிதாய் வந்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூடச் சரியாகப் பதியப்பட்டிருக்காது. அவள் பேரேட்டுக்குக் காத்திருப்பதில்லை. நேராக ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய், முற்றத்தின் நடுவில் நின்று கூப்பிடுவாள்.

மூன்றாவது ஞாயிறு, கம்பளைக்கு மேலே, கோப்பிச் செடிகளுக்கு நடுவே புதிதாய்க் கட்டிய ஒரு லயம். கூரைப் புல் இன்னும் பச்சையாக இருந்தது. பாலம்மா முற்றத்தில் நின்று, "அழகம்மா! ஏ அழகம்மோவ்!" என்று கூப்பிட்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரல். எதிர் மலையில் அது ஒருமுறை மோதித் திரும்பியது. கதவுகள் திறந்து முகங்கள் எட்டிப் பார்த்தன. கடைசி அறையிலிருந்து ஒருத்தி, மாவு பிசைந்த கையோடு ஓடிவந்தாள். பாலம்மா இரண்டு எட்டு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"நாந்தான் அழகம்மா" என்றாள் வந்தவள், மூச்சு வாங்க. இருபது வயதிருக்கும். நெற்றியில் பச்சை குத்தியிருந்தது. பாலம்மாவும் அதற்கு முன் பார்த்திராத முகம். "யாரு கூப்புட்டது? எங்க ஊர்லேருந்தா வாறீக? யாரும் வந்துருக்காகளா?"

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எங்களைத் தாண்டி, நாங்கள் ஏறி வந்த ஒற்றையடிப் பாதையைப் பார்த்தாள். விரல்களில் ஒட்டிய மாவு மண்ணில் உதிர்ந்தது. பாலம்மாவும் திரும்பி அவள் பக்கத்தில் நின்று, அந்தப் பாதையையே பார்த்தாள்.