தனி நிர்வாகப் பள்ளி மாப்பிள்ளை

கணக்கு வாத்தியார் புதுப் பள்ளிக்கு மாறியதிலிருந்து வீட்டில் அவர் அலட்டல் தாங்கவில்லை. மனைவி பக்கத்துத் தெருவில் சாதாரண அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். இரண்டு பள்ளிக்கும் படியளப்பது அரசாங்கம்தான். இரண்டிலும் ஃபீஸ் கிடையாது. ஆனால் அவருடையது தனி நிர்வாகம். நேரம், லீவு, பாடம் எல்லாம் முதல்வர் வைத்ததுதான் சட்டம். அவளுடைய பள்ளியிலோ கல்வி அலுவலகம் தலையசைக்காமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

"எங்க லேப்ல குழாய் ஒழுகுச்சு, சாயங்காலமே மாத்தியாச்சு. நீங்க இன்னும் அடியில வாளிதானே வெச்சிருக்கீங்க?" என்பார்.

"அந்த வாளியே ஆபீஸ்ல கேட்டுத்தான் வந்துச்சு," என்பாள் அவள், அசராமல்.

இடைப்பருவ லீவில் நடத்துவதாக அவள் தம்பியின் கல்யாணம் நிச்சயமானது. லீவுக்கு முந்தின வாரம் முதல்வர் ஆசிரியர் அறைக்கு வந்தார். "பசங்க கணக்குல ரொம்ப வீக். அடுத்த வாரம் லீவு இல்ல. நாம யாரையும் கேக்க வேண்டியதில்லயே, அதான் வசதி."

வாத்தியார் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள். "எங்க ஹெச்.எம்.முக்கும் அந்த ஆசை வந்துச்சு. ஆபீஸ்ல இருந்து பதிலே வரல."

"உங்க அப்பாகிட்ட என்ன சொல்றது?"

"அதை உங்க முதல்வர்கிட்ட கேளுங்க."

கேட்டார். முதல்வர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுத்தார். "தாராளமா போங்க சார். கிளாஸ் மட்டும் நிக்கக் கூடாது. போன்ல எடுத்துடுங்க."

அப்படித்தான் கல்யாண மண்டபத்தின் பின்னறையில், அடுக்கிய நாற்காலிகள்மேல் போனைச் சாய்த்து, பட்டுச் சட்டையோடு பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். மாமனார் தேடி வந்தார்.

"மாப்பிள்ளை, போட்டோவுக்கு எல்லாரும் நிக்கிறாங்க."

"ஒரு நிமிஷம் மாமா. முக்கால்ல இருந்து அரையைக் கழிச்சுட்டு வந்துடறேன்."

"கால்," என்றார் மாமனார்.

போனுக்குள் வகுப்பே கைதட்டியது. மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நாற்காலியை உருவிப் போட்டு உட்கார்ந்தார். "அடுத்ததைப் போடுங்க, பாப்போம்."

மாமனாரும் மருமகனும் போன இடம் தெரியாமல் மனைவி தேடி வந்து பார்த்தபோது, எட்டில் மூன்று பங்கில் இருவரும் மும்முரமாக இருந்தார்கள். போனை எடுத்தாள். "பசங்களா, இன்னிக்கு இவ்வளவுதான். போய் விளையாடுங்க." திரையில் பெஞ்சுகள் மட்டுமே மிஞ்சின.

"முதல்வர் கேட்டா?"

"சிக்னல் போச்சுன்னு சொல்லுங்க. தலையைச் சீவுங்க முதல்ல."

போட்டோவில் வாத்தியார் நன்றாகவே விழுந்திருக்கிறார். பக்கத்தில் மாமனார் மட்டும் கேமராவைப் பார்க்காமல் அவர் காதோரம் சாய்ந்து, மீதிக் கணக்கு எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.